பின்னால் கூப்பிட்ட வாய்

எங்கள் அத்தானிடம் ஒரு டேப் சுருளைக் கொடுத்துவிட்டால் போதும், உலகத்தையே ஒட்டிவிடலாம் என்று நினைப்பார். அக்காவின் புருஷன் அவர். அம்மா உப்புவெளி வளவைப் பிரித்து அக்காவுக்கொரு வீடு, பக்கத்திலேயே எனக்கொரு வீடு என்று சீதனம் தந்த நாளிலிருந்து அந்த மனிதரின் டேப்பைப் பார்த்தே என் காலம் போகிறது. குந்துகிற கதிரைக் காலில் டேப், ரிமோட்டின் முதுகில் டேப், மூக்குக்கண்ணாடியில் டேப், குசினிக் குழாயில் டேப். தன் பிள்ளையின் காலில் வெட்டுப்பட்டபோதும் துணியை வைத்து, கரண்ட் வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைத்தான் சுற்றினார். கேட்டால், ஒட்டிச்சுதா இல்லையா என்பார். ஒட்டும், நாலு நாளைக்கு. பிறகு அழுக்குப் பிடித்துத் தொங்கும். அதற்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றுவார்.

நான் தையல்காரி. என் கழுத்திலும் நாள் முழுக்க டேப்தான் கிடக்கிறது. ஆனால் அது இடுப்புப் பெருத்தவளுக்குப் பெருத்திருக்கிறது என்றே சொல்லும். ஒட்டி மறைக்கிற வேலை அதற்குத் தெரியாது.

கதிரையும் குழாயும் எப்படியும் தொலையட்டும். படகு அவருடையது, அதில் கடலுக்குப் போகிறவர் என் மனுசன். அத்தான் முழங்கால் நோ என்று கரையில் நிற்பார்.

ஒருநாள் பின்னேரம் படகைத் தள்ளும்போது கண்டேன். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போகிற ஹோஸில் கறுப்பு டேப், அதன் அடியில் ஈரம். மண்ணெண்ணெய் பட்டால் பசை இளகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இஞ்சருங்கோ, ஹோஸ் கசியுது," என்று கூப்பிட்டேன்.

கடலுக்கு வெளிக்கிட்டவனைப் பின்னால் கூப்பிடக்கூடாது, அது எங்கள் கரையின் பழக்கம். என் மனுசன் திரும்பிப் பார்க்காமலே ஏறிப்போனார். அத்தான் என்னை எரிப்பதுபோல் பார்த்தார்.

விடிய வரவேண்டியவர் வரவில்லை. போனும் எடுபடவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். மத்தியானம்போல் நிலாவெளிக்காரரின் படகொன்று கட்டி இழுத்துவந்தது. ஹோஸ் விட்டு, எண்ணெய் முழுக்கப் படகுக்குள் ஊற்றுப்பட்டு, எஞ்சின் நின்று, நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்துப்போயிருக்கிறது. மனுசனின் உதடு வெடித்திருந்தது. டேப் கழன்று வால்போலத் தொங்கியது.

அத்தான் அதைப் பார்க்கவே இல்லை.

"நீ பின்னால கூப்பிட்டபடியால்தான் இது நடந்தது," என்றார்.

அக்கா ஓம் என்றாள். நின்றவர்களும் தலையாட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அதை விடுவோம். செத்துப் பிழைத்து வந்த என் மனுசனும் அல்லவா, படகு தந்த சகலனோடு முறுக ஏலாது, இனிக் கூப்பிடாதே என்றார்! எனக்குப் பற்றி எரிந்தது. யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன் என்று கேட்கவும் மனம் வரவில்லை. சோற்றைப் போட்டு வைத்தேன், கதைக்கவில்லை.

எஞ்சினைக் கழுவித் துடைத்துப் படகை மறுபடி இறக்கினார்கள். அதே ஹோஸ். அதன்மேல் புது டேப், பளபளவென்று. நான் வாயே திறக்கவில்லை. தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, உடுத்த உடுப்போடு கடலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் படகுக்கு முன்னால் போய் நின்றேன்.

அத்தான் கரையிலிருந்து, விசரி, விலத்து என்று கத்தினார்.

"பின்னால கூப்பிட்டால்தானே குற்றம், அத்தான்? இப்ப முன்னால நிக்கிறன்."

படகின் விளிம்பைப் பிடித்தபடி எஞ்சின் பக்கம் போய் ஹோஸில் கத்தரிக்கோலை வைத்தேன். ஈர ரப்பர் வழுக்கியது, பிடிபடவில்லை. படகில் நின்ற என் மனுசன் கையைத் தட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, நான் வெட்ட வசதியாக, ஹோஸை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.