வலிக்காத கைக்குக் கிடைத்த மருந்து

அன்பான சகோதரங்களே, சுடுசட்டியைத் துணி பிடிக்காமல் அடுப்பிலிருந்து இறக்கினேன். எனக்கு வலிக்கவில்லை. 1988ஆம் ஆண்டு, குருநகரில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது.

"என்ன பிள்ளை, தோல் கருகிற மணம் வருது!" என்று மாமி ஓடிவந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். உள்ளங்கை வெந்து போயிருந்தது.

முதுகிலும் தோளிலும் வெளிறிய தேமல்கள் முன்பே இருந்தன. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் டொக்டர் அவற்றைப் பஞ்சால் தொட்டார். தொட்டது தெரியவில்லை. தொழுநோய் என்றார். நான் அழவில்லை. அழுகை வரவேயில்லை.

இந்த நோய் வந்தவர்களை ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகள் கை நீட்டியபோது தூக்காமல் விலகிப் போனேன். கோவிலில் முழந்தாளிட்டும் செபம் வரவில்லை. "ஆண்டவரே, என்ரை பிள்ளையிட்டை இருந்து என்னைப் பிரிச்சுப் போடாதையும்" என்பது மட்டும் வாயில் வந்தது.

அடுத்த கிழமை கிளினிக்கில் ஒரு தாதி குளிசை அட்டையை என் முன் வைத்தார்.

"மாதத்துக்கு ஒருக்கா எனக்கு முன்னாலை விழுங்க வேணும். மற்றதை வீட்டிலை ஒவ்வொரு நாளும் போடுங்கோ. சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும். பயப்பிடாதேங்கோ."

முதல் குளிசையை அங்கேயே விழுங்கினேன். "மிஸி, பிள்ளையை எப்ப தூக்கலாம்?"

"மருந்து தொடங்கியாச்சு, இனித் தொத்தாது. இண்டைக்கே தூக்குங்கோ."

என் செபத்துக்கு அதுதான் பதில். வீட்டில் என் கணவர் மகளை என் மடியில் வைத்தார். அப்போதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பிள்ளையின் பாரம் மட்டும் தெரிந்தது.

மருந்தால் என் முகம் கறுத்தது. அயலவர் பேச்சைக் குறைத்தார்கள். குளிசையை நான் விடவில்லை. ஒருமுறை போரால் பாதை அடைபட்டு, மருந்து வரவில்லை என்றார்கள். அட்டை முடிந்துகொண்டிருந்தது. நானும் கணவரும் சேர்ந்து செபித்தோம். கடைசிக் குளிசை முடியுமுன் அந்தத் தாதியே சைக்கிளில் மருந்தோடு வந்து இறங்கினார்.

இரண்டு வருடம் கழித்து டொக்டர் சொன்னார்: "காணும், இனி மருந்து வேண்டாம்."

கையில் உணர்ச்சி திரும்பவில்லை. ஆனால் நோய் போய்விட்டது, விரல்கள் முடங்கிப் போகவில்லை. என் பிள்ளை என்னோடுதான் வளர்கிறாள். ஆண்டவருக்கு நன்றி.

உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். செபியுங்கள், குளிசையையும் போடுங்கள். போன மாதம், என்னைப் போலவே கை மரத்துப்போன ஒரு பெண்ணைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வாசலில் அவள் கையைப் பிடித்தேன். பிடித்திருப்பதை இருவரும் கண்ணால் பார்த்தே அறிந்தோம். அப்படியே உள்ளே போனோம்.