இறுக்கம் எங்கே போனது

வசதியானவர்கள் வரும் அந்த உடற்பயிற்சி நிலையத்தில் இருபது வருடமாக மசாஜ் செய்பவரை எல்லோரும் ‘கழுத்துக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முகத்தைப் பார்த்து யாரையும் எடைபோட்டதில்லை. முகம் வாய் கூசாமல் பொய் சொல்லும், பிடரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பார்.

அந்த மாதம் பெரிய முதலீட்டாளர்கள் நாலு பேர், மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்தபடியே போனில் ஏஐ கம்பெனிப் பங்குகளை விற்கச் சொன்னார்கள். காதில் விழுந்ததை அவர் கையோடு கழுவிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். சேமிப்பு மொத்தத்தையும் போன வாரம்தான் அதே மாதிரிப் பங்குகளில் போட்டிருந்தான்.

“மாமா, பெரிய ஆளுங்கெல்லாம் விக்கிறாங்கன்னு நியூஸ்ல சொல்றாங்களே. எல்லாம் வெறும் குமிழியா? உடைஞ்சிடுமா?”

“அது எனக்கு எப்படிடா தெரியும்? ஒருத்தர் வீடு வாங்க விக்கிறார், ஒருத்தர் லாபம் போதும்னு விக்கிறார். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். விக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட வர்ற நாலு பேர் கழுத்தும் பலகை மாதிரி இருந்துச்சு. வித்த மறுவாரம் பிசைஞ்ச மாவு மாதிரி ஆயிடுச்சு.”

“அப்போ அந்த இறுக்கமெல்லாம் எங்க போச்சாம்?” என்று மச்சினன் சிரித்தான்.

கழுத்துக்காரர் எழுந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். பிடரியில் கட்டைவிரலை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். மச்சினன் “ஐயோ!” என்று துள்ளினான்.

“இங்கதான் வந்திருக்கு” என்றார்.