சுணங்கிப் பிடித்த கியர்

"படகு நிக்கேல்லையாம், ஜெட்டிதான் முன்னுக்கு வந்ததாம். கேட்டியே கதைய?"

கப்பல்துறையிலிருந்து வரும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் இப்படிச் சொல்லிச் சிரித்தாள். ஜெட்டி என்றால் படகு அணையும் பலகை மேடை. யாரைப் பற்றிய கதை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை. இறங்கும் இடம் வந்தால்கூடச் சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற ஆள் நான்.

படகு எஞ்சின் திருத்துகிற தொழிலில் முதலில் பழுதாவது ஓட்டுகிறவரின் பெயர். எஞ்சினைப் பிறகுதான் பார்ப்பார்கள். எழுபதுகளின் கடைசியில், பட்டம் எடுத்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில், திருகோணமலைத் துறைமுக ஓரத்தில் ஒரு படகுக் கராஜில் எழுதுவினைஞராக இருந்தேன். வருகிறவர்கள் சொல்லும் குறையை வேலைப் புத்தகத்தில் எழுதுவதும் கடிதங்கள் தட்டச்சு செய்வதும் என் வேலை. வீட்டில் ஊமையாகக் கிடந்த ரேடியோ, திருத்தக் கொண்டுபோனதும் பாடத் தொடங்கி உங்கள் மானத்தை வாங்கியிருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கதை உங்களுக்கும் சொந்தம்.

வாங்கில் ஏறிய படகு

துறைமுகத்தின் மறுகரையில் இருந்த ஒரு விடுதியின் உல்லாசப் படகு அது. அதன் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். சுழலி பொருத்திய கீழ்ப்பகுதி மட்டும் பின்னால் வெளியே தண்ணீருக்குள் தொங்கும். நாங்கள் அதை வால் என்போம். சுக்கானைத் திருப்பினால் வாலே திரும்பும். கியர் பிடியிலிருந்து ஒரு கேபிள் வால்வரை போகும். அதை ஓட்டிய ஹனீபா நானா மூதூர்க்காரர். ரிவர்ஸ் போட்டால் கியர் உடனே பிடிக்காமல், இரண்டு மூன்று வினாடி சுணங்கித்தான் பிடிக்கிறது என்றார். அந்த இரண்டு மூன்று வினாடிக்குள் படகு ஜெட்டியில் ஏறி, பலகை உடைந்து, ஒரு வெள்ளைக்கார அம்மா கடலுக்குள் விழுந்திருந்தார். நல்ல காலம், இடுப்பளவு தண்ணீர்.

தலைமை மெக்கானிக் குணம் அண்ணை படகை வாங்கில், அதாவது கரையில் இருந்த மரத் தாங்கியில், ஏற்றி, வாலைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விட்டு எஞ்சினை ஓட்டினார். முன் கியர், பின் கியர், முன், பின். போட்ட உடனே 'டக்' என்று பிடித்தது. என்னைக் கைக்கடிகாரத்தோடு நிற்கச் சொன்னார். பன்னிரண்டு தரம் போட்டார். ஒரு தரம்கூடச் சுணங்கவில்லை. ஹனீபா நானா வாயைப் பிளந்துகொண்டு வாலையே பார்த்தார். குணம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கியர் சுகம் நானா. இனி உங்கட கையைத்தான் கழட்டிப் பாக்கவேணும்."

ஆளுக்கொரு வைத்தியம்

குணம் அண்ணை பகிடி விட்டாலும் வேலையில் பொய் செய்யாத மனிதர். அடுத்த நாள் வாலின் எண்ணெயை வடித்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். இது தெளிவாக வந்தது. சுழலியின் நடுவில் இருக்கும் ரப்பர் வழுக்குகிறதா என்று பார்க்க, இரண்டுக்கும் குறுக்கே சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு ஓட்டினார். கோடு அசையவில்லை.

தன் எஞ்சினைத் திருத்தக் கொண்டுவந்து காத்திருந்த சாம்பல்தீவுக்காரர் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து வைத்திருந்தார். நல்லெண்ணெய் விடச் சொன்னார். வாலை ஒரு பகல் வெயிலில் காயவிடச் சொன்னார். எதுவும் எடுபடாமல் போகவே, ஹனீபா நானாவின் தோளில் தட்டினார்: "அப்ப கண்ணூறுதான் மச்சான். வெள்ளைக்காரியை ஏத்திக்கொண்டு திரிஞ்சா ஊர் சும்மா பாத்துக்கொண்டிருக்குமே?"

நான் அடித்த கடிதம்

படகில் பழுது உண்டா என்று விடுதி மனேஜர் எழுத்தில் பதில் கேட்டிருந்தார். படகில் பழுது இல்லையென்றால் ஹனீபா நானாவை நிற்பாட்டிவிட்டு வேறு ஆள் போடுவதாக முடிவு. குணம் அண்ணை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'இயந்திரத்தில் எக்குறையும் இல்லை. விபத்து ஓட்டியவரின் கவனக்குறைவால் நிகழ்ந்திருக்கலாம்.' பிற்பகலே கடிதம் போய்விட்டது.

நான் அதை அடிக்கும்போதே ஹனீபா நானா கதவடியில் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. அவருக்குக் கலியாணம் ஆகாத மூன்று குமர்கள் என்று முன்பு ஒரு முறை சொல்லியிருந்தார். நிமிர்ந்து அவரைக் கண்டதும், கோபிப்பார் என்று பயந்து குனிந்துகொண்டேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, படிச்ச பிள்ளையல்லவா, மெய்யைச் சொல்லுங்க. நான் ரிவர்ஸ் போடாமலே, போட்டன் எண்டு நினைச்சிக்கொண்டிருக்கிறனா?"

கட்டின கட்டு

அடுத்த நாள் படகைத் தண்ணீரில் இறக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசி ஓட்டத்துக்கு நேரம் பிடிக்க என்னையும் ஏறச் சொன்னார்கள். படகின் பின் இருக்கையில் ஒடுங்கி இருந்தேன். நேராக ஓடும்போது கியர் சொன்னபடி கேட்டது. திரும்பி எங்கள் ஜெட்டியை அணைக்க, ஹனீபா நானா சுக்கானை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் போட்டார். பிடிக்கவில்லை. "பாருங்க, பாருங்க!" என்று கத்திக்கொண்டே சுக்கானை நேராக்கினார், உடனே பிடித்தது. ஆனாலும் படகு ஜெட்டியில் இடித்துவிட்டது. குணம் அண்ணை அவரை விலக்கிவிட்டுத் தானே ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். அவரும் இடித்தார்.

இரண்டாம் முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே எஞ்சின் பெட்டியின் மூடி திறந்திருந்தது. வால் திரும்பத் திரும்ப, கியர் கேபிள் வீணைத் தந்திபோல இழுபட்டதைக் கண்டேன். மின்சார வயர்களோடு சேர்த்து அதையும் யாரோ நைலோன் நூலால் ஐந்து இடத்தில் அழகாக, இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள். யாரோ என்ன, போன மாதம் படகு சேர்விசுக்கு வந்தபோது குணம் அண்ணைதான். அவருக்குக் குழம்பிக் கிடக்கிற வயரைக் கண்டால் பிடிக்காது. 'வயர்கள் ஒழுங்கு செய்யப்பட்டன' என்று நானே வேலைப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். வாங்கில் ஏற்றும் படகின் வால் ஆட்களில் அடிபடாமலிருக்க, அதை நேரே வைத்துக் கயிறு போடுவது எங்கள் கராஜ் வழக்கம். அங்கே யாரும் சுக்கானைத் திருப்புவதே இல்லை. திருப்பாத வரைக்கும் கேபிள் இழுபடாது, கியரும் சுணங்காது.

சொல்லவேண்டும். "அண்ணை," என்றேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. எழும்பிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, விரலால் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். சுக்கானை ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு கத்தியை எடுத்து ஐந்து கட்டையும் அறுத்தார். முழுக்க ஒடித்து ரிவர்ஸ் போட்டார். 'டக்.'

ஹனீபா நானாதான் முதலில் வாய் திறந்தார்: "வடிவான கட்டுத்தான் குணம். என்ட கழுத்துக்கு அளவாயிருந்திச்சு."

மறுகரை

குணம் அண்ணை கராஜுக்கு இறங்கவில்லை. படகை அப்படியே விடுதிக்கு விடச் சொன்னார். என்னை இறக்கிவிட ஒருவருக்கும் நினைவில்லை. மனேஜர் ஜெட்டிக்கு வந்தார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட புது ஓட்டி. "பழுது இல்லை எண்டு நேற்றே எழுதித் தந்திட்டீங்களே. பிறகேன் நீங்களும் வந்தனீங்கள்?" என்று மனேஜர் கேட்டார்.

"அந்தக் கடிதத்தை ஒருக்கால் தாங்கோ," என்றார் குணம் அண்ணை.

விடுதி ஆள் ஒருவன் போய் எடுத்து வந்தான். குணம் அண்ணை என் பேனாவை வாங்கி, கடிதத்தைப் படகின் மேல்தட்டில் வைத்து, நான் அடித்திருந்த இரண்டு வரியையும் குறுக்கே வெட்டினார். கீழே தன் கையால், 'கேபிளைப் பிழையாகக் கட்டினது நான். ஓட்டினவரில் குற்றம் இல்லை' என்று எழுதி, கையெழுத்து வைத்து, அதை மனேஜரிடம் நீட்டினார்.