தாத்தா விழுந்த நாள்

தாதி வேலையை விட்ட புதிதில், கண்டிச் சந்தையில் யாரோ ஒரு பெண் "மிஸ்!" என்று கூப்பிட்டாள். இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு சட்டென்று திரும்பி நின்றேன். அவள் கூப்பிட்டது எனக்குப் பின்னால் நடந்து போன ஓர் ஆசிரியையை. எங்கள் பக்கம் ஆசிரியையும் மிஸ்தான், ஆஸ்பத்திரித் தாதியும் மிஸ்தான். கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றாலும் அந்தப் பெயர் மாறாது. கூப்பிட்டது என்னை இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. இப்படிச் சந்தோஷப்படலாமா என்று அடுத்த நிமிடமே யோசிக்கவும் செய்தேன். என் சுபாவம் அப்படி.

சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்: "கெடைச்ச அரசாங்க வேலைய யாராவது விடுவாங்களா?" இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, வெளிநாட்டு மோகம் பிடித்துவிட்டது என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். என் காரணம் ஒரு மத்தியான நேரத்தில் நடந்தது. அதைச் சொல்லத் தொடங்கினால், முதலில் பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது மஹய்யாவையில், படியேறிப் போகும் ஒரு வீட்டில். கணவர் தெல்தெனியப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறார். மோட்டார் சைக்கிளில்தான் போய் வருவார். மழைக்காலத்தில் அந்தப் பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றையும் நான் வீட்டிலிருந்தே மனதால் கடந்துகொண்டிருப்பேன். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காதான் நான் வேலைக்குப் போகும்போது மகனைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். அவரின் தங்கை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே பழகிவிட்டது. எங்கள் ஆட்களுக்குத் தாத்தா என்றால் அம்மாவின் அப்பா, இல்லாவிட்டால் அப்பாவின் அப்பா.

"சேலை கட்டின தாத்தாவ இப்பதான் பாக்குறேன்" என்று கணவர் கேலி செய்வார்.

"ஒங்கட பொஞ்சாதிக்கு ஈக்கிற மரியாதை ஒங்களுக்கு இல்ல" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

நான் வேலை செய்தது குழந்தைகள் வார்டில். பிரசவ விடுமுறை முடிந்து திரும்பியபோது வார்டு அதே வார்டுதான், ஆட்கள்தான் குறைந்திருந்தார்கள். ஒருத்தி மத்திய கிழக்குக்குப் போயிருந்தாள். இன்னொருத்தி சம்பளமில்லா விடுமுறை எடுத்தவள், திரும்பவில்லை. தமிழ் பேசும் தாதிகள் நானும் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தங்கச்சியும் மட்டுமே. தோட்டத்துத் தாய்மார் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்வதும், டொக்டர் சொல்வதைத் தாய்க்குத் தமிழில் சொல்வதும் எங்கள் தலையில் விழுந்த உபரி வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஊசி போடும்போது அழுத பிள்ளையின் தாய், நான் தமிழில் ஒரு வார்த்தை பேசியதும் தானும் அழத் தொடங்குவாள். அதற்குப் பிறகுதான் உண்மையான வருத்தம் என்ன என்று வெளியே வரும்.

தங்கச்சி என்னைவிட இளையவள், வாய் அதிகம். அவளுடைய அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறவர்.

"எங்கம்மாவ கங்காணி ஏசினா, அவங்களும் நாலு வார்த்தை ஏசிட்டு அடுத்த நிரைக்குப் போயிடுவாங்கக்கா. நான் இங்க யார ஏசுறது? சிஸ்டருக்கே காலு வீங்கிப் போயி கெடக்கு" என்றாள் ஒரு நாள், மருந்துத் தட்டைத் தள்ளிக்கொண்டே.

சிஸ்டர் என்பது எங்கள் வார்டின் பொறுப்பாளர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சிங்களப் பெண். கண்டிப்பானவர்.

கொஞ்ச நாளில் தங்கச்சியும் இங்கிலாந்துக்குப் போக எல்லாம் சரி செய்துவிட்டாள். என்னிடம் கடைசியில்தான் சொன்னாள். "ஒங்ககிட்ட மொதல்ல சொன்னா நான் போக மாட்டேன்னு தெரியும்க்கா" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இரவு ஷிப்ட் இனி எனக்குத்தான் அடிக்கடி விழும் என்று கோபப்பட்டேனா, அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லையே என்று கோபப்பட்டேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் போன பிறகு வந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. பெட்ரோலுக்கு வரிசை நின்ற காலம். பஸ்கள் குறைவு. மின்வெட்டினால் என் கைத்தொலைபேசி முதல் நாளே உயிரை விட்டிருந்தது. காலை ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். என்னோடு இருந்த மற்றத் தாதி ஒரு பிள்ளையை எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் மூச்சுத்திணறலோடு வந்த ஒரு குழந்தைக்கு முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தேன். வார்டில் உதவிக்கு நிற்கும் அட்டெண்டன் அம்மா ஓடி வந்தார். வார்டுத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்ததாம், பேசியவள் பதறிப் போய்ப் பேசினாளாம், சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாளாம்.

"மிஸ், பேபியோட தாத்தா விழுந்துட்டாராம். ஒங்கள உடனே வரட்டுமாம்."

அவர் சொன்னது சிங்களத்தில். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா.

வார்டுக்குள் கால் வைத்தால் என் காது சிங்களத்துக்கு மாறிவிடும். தாத்தா என்ற சொல் அங்கே அப்பாவை மட்டுமே குறிக்கும். பிள்ளையின் அப்பா விழுந்துவிட்டார். எனக்குத் தெல்தெனியப் பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வார்டுத் தொலைபேசியிலிருந்து கணவரின் இலக்கத்தை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வகுப்பில் இருக்கும்போது எப்போதும் அணைத்துத்தான் வைப்பார். ஆனால் அந்த நேரத்தில் அப்படியா தோன்றும்? வேறு எந்த இலக்கமும் எனக்கு மனப்பாடமில்லை.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. வார்டை ஒரு முறை பார்த்தார்.

"யாரிட்ட குடுத்துட்டுப் போவ மகள்?" என்றார். அதட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அவர் கையில் வலிப்பு வந்து ஓய்ந்த ஒரு பிள்ளை இருந்தது.

நான் நின்றேன். மதிய ஷிப்ட்டுக்கு வர வேண்டியவள் பஸ் கிடைக்காமல் பிந்தினாள். அவள் வரும் வரைக்கும் என் வேலையை நான்தான் செய்தேன். மருந்தை அளந்தேன். சேலைன் போத்தல் மாற்றினேன். ஒரு தாய்க்கு முகமூடியை எப்படிப் பிடிப்பது என்று சிரித்த முகத்தோடு சொல்லிக் கொடுத்தேன். ஒரு பிழையும் விடவில்லை. என் கணவர் ரோட்டோரத்தில் கிடக்கிறார் என்று நம்பிக்கொண்டே அத்தனையும் செய்தேன்.

அவள் வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது. பிள்ளை இருக்கும் இடத்துக்கு முதலில் போவோம் என்று த்ரீவீலரில் ஏறி வீட்டுக்கு வந்தேன். படிகளில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. தாத்தா கதிரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். என் மகன் அந்தக் கட்டின் மேல் உடுப்புக் கிளிப்புகளை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"யாருக்கு?"

"அவருக்கு. விழுந்துட்டாராமே!"

"விழுந்தது நான் புள்ள" என்றார் தாத்தா. "உடுப்புக் காயப்போடப் போய் வழுக்கிட்டுது. முறிவு வைத்தியர் கட்டி உட்டிக்கிறாரு. ஒங்கட மாப்புள ஸ்கூல்லதானே."

உள்ளேயிருந்து அவரின் தங்கை வந்தாள். "நான்தானே மிஸ் கோல் எடுத்தேன். சிங்களத்துல தெளிவாத்தானே சொன்னேன், தாத்தா விழுந்துட்டா, புள்ளயப் பாத்துக்க வரச் சொல்லுங்கன்னு."

சிங்களத்தில் அவளுக்குத் தடுமாற்றமே கிடையாது. பதற்றத்தில், அக்கா என்பதற்கு மட்டும் வீட்டில் கூப்பிடும் சொல் வாயில் வந்துவிட்டது. தமிழிலேயே சொல்லியிருந்தால் 'விழுந்துட்டா' என்ற முடிவிலேயே பெண் என்று தெரிந்திருக்கும். பேச்சுச் சிங்களத்தில் வினையை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது. 'பேபியோட' என்பதை அட்டெண்டன் அம்மா தன் பங்குக்குச் சேர்த்திருக்கிறார்.

விஷயம் புரிந்ததும் தாத்தா காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யா அல்லாஹ், ஒரே கோல்ல என்னய ஆம்புளயாக்கி, இவட புருஷனாவும் ஆக்கிட்டியேடி!"

நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது அழுகையாக மாறியது. மகன் ஒரு கிளிப்பை என் விரலில் மாட்டிவிட்டான்.

சாயந்திரம் கணவர் நனைந்து வந்து, கதை முழுவதையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தாத்தா சொல்லவே கேட்டுவிட்டார். "நான் இருக்கேனா போயிட்டேனான்னு முடிவு பண்ணிட்டு ஒரு தேத்தண்ணி ஊத்து" என்றார்.

"நான் நின்னுட்டேங்க" என்றேன்.

"என்ன?"

"நீங்க விழுந்துட்டீங்கன்னு கேட்டும் நான் வார்டுலயே நின்னுட்டேன்."

"பின்ன? அத்தன புள்ளைங்கள விட்டுட்டு எப்புடி வர்றது? நீ செஞ்சதுதான் சரி."

அவர் மனதாரத்தான் சொன்னார். நானும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் பயமாக இருந்தது. அன்றைக்கு விழுந்தது உண்மையாகவே அவராக இருந்திருந்தாலும் நான் நின்றிருப்பேன். மகனாக இருந்திருந்தாலும் நின்றிருப்பேன். கைமாற்றிக் கொடுக்க ஆளில்லாத இடத்தில் நல்ல தாதிக்கு வேறு வழி கிடையாது. தங்கச்சி இதை என்னைவிட முன்னமே கண்டுகொண்டாள் போலிருக்கிறது. பொறுமை இல்லாமல் போகிறார்கள் என்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: நிற்கத் தெரிந்தவர்கள்தான் போகிறார்கள். இனி எத்தனை தடவை நிற்க வேண்டி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் முடிவெடுக்க எனக்கு நாள் பிடித்தது. இந்த வேலையே வேண்டாம் என்று நினைப்பேன். அடுத்த நாள் ஒரு தோட்டத்துத் தாய் என் கையைப் பிடித்ததும் இருந்துவிடலாம் என்று நினைப்பேன். கடைசியில் சிஸ்டர் முன்னால் போய் நின்றபோது, மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"போகப் போறியா?" என்று அவரே கேட்டார்.

தலையாட்டினேன்.

"அன்னைக்கு ஒன்ன நிக்க வச்சது நான்தான். நாளைக்கும் நிக்கத்தான் வைப்பேன். வேற ஆள் இல்ல" என்றார். "அதனால போ மகள். ஆனா ஏசிக்கிட்டேதான் கையெழுத்துப் போடுவேன். அதுக்கு ஒண்ணும் சொல்லாத."

அப்படியே செய்தார். பேனாவை அழுத்தி எழுதிக்கொண்டே வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். எனக்கு விளங்கிய ஒன்றிரண்டு சொற்களை எழுத முடியாது. நான் எதிர்பார்த்துப் பயந்த பிரசங்கத்தைவிட அந்த ஏச்சு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகள் வந்து சேரும் வரைக்கும் இருந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருத்தியும் இல்லை. அந்த எண்ணம் இன்னும் என்னைக் குத்துகிறது. எனக்குப் பதில் யார் பேசுகிறார்களோ!

இப்போது மகன் மொண்டிசோரிக்குப் போகிறான். போன வாரம் அங்கிருந்து ஓர் அழைப்பு வந்தது. பிள்ளை வாந்தி எடுத்தான், பயப்பட ஒன்றுமில்லை, நேரமிருந்தால் வாருங்கள் என்றார்கள். அடுப்பை அணைத்தேன். செருப்பை மாட்டினேன். கதவைப் பூட்டி இறங்கிவிட்டேன். பாதி வழியில்தான், யாரிடமும் எதையும் கொடுத்துவிட்டு வராமல் இப்படியே வர முடிந்ததே என்று உறைத்தது. குடை எடுக்காதது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து கூட்டாளி ஒருவனோடு கொய்யாப்பழத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். வாந்திக்குக் காரணமும் அந்தக் கொய்யாதான். நனைந்து நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னும் பெல் அடிக்கலயே. ஏம்மா வந்தீங்க?" என்றான்.

"சும்மாதான்" என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.