ஐந்தருவிக்குப் போய் தென்காசியில் பார்த்தது

குற்றாலம் போக எது நல்ல மாதம் என்று பலர் கேட்கிறீர்கள். 1963 ஆடியில் நான் போனதைச் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, மதுரையில் நர்ஸ் வேலை. கடையநல்லூரில் சாயப்பட்டறை நடத்திய என் அண்ணன், உடம்புச் சூடு தணிய அருவியில் குளிக்க வேண்டும், துணைக்கு வா என்று எழுதியிருந்தார்.

கடையநல்லூரில் காலை ஆறே முக்காலுக்குப் பஸ். தென்காசி பதினோரு மைல், அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல். சாரல் விடவே இல்லை. ஐந்தருவியில் ஒரு மணி நேரம் குளித்தோம். பிறகு பாறை மறைவுக்குப் போன அண்ணன் வெளிறிப்போய்த் திரும்பினார்.

"ஏட்டி, இன்னைக்கும் ஒண்ணுக்கு ரத்தமாப் போவுது."

"இன்னைக்குமா?"

"மூணு மாசமா அப்பப்பப் போவுது. வலியே இல்ல. சூடுன்னு இருந்துட்டேன்."

ஈரத்துணியோடு குதிரை வண்டியில் தென்காசிக்கு அழைத்து வந்தேன். சீசனுக்கு வரும் மதுரை சர்ஜன் ஒருவர் அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணி. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நுனியில் நெல்மணி அளவு பல்பு எரியும் மெல்லிய உலோகக் குழாயைச் சிறுநீர் வரும் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார் டாக்டர். சிஸ்டாஸ்கோப். பெயரைப் படித்திருந்தேன், அவ்வளவுதான். பைக்குள் நீர் நிரப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "நீங்களே பாருங்கம்மா" என்று விலகினார்.

கண்ணை வைத்தேன். எக்ஸ்ரே படங்கள் நிறையப் பார்த்தவள்தான். ஆனால் இது படமில்லை. வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சுவர். அதில் கடற்பாசி போல ஒன்று முளைத்து, விரல் விரலாக நீரில் அசைந்துகொண்டிருந்தது. அண்ணன் மூச்சு விடவிட அதுவும் ஆடியது. அதன் ஓரத்திலிருந்து ரத்தம் நூலாகக் கசிந்தது. என் அண்ணனுக்குள், அந்த நிமிஷத்தில்.

"என்னட்டி தெரியுது?" அண்ணன் விழித்துக்கொண்டே படுத்திருந்தார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கட்டி ஒண்ணு இருக்கு அண்ணே. சூடு இல்ல."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பம்னா அத எடுத்துரச் சொல்லு" என்றார்.

மதுரையில் எடுத்தார்கள். புற்றுதான். மூன்று மாதத்துக்கொரு முறை அதே குழாய்ப் பரிசோதனை. இரண்டு தடவை மறுபடி முளைத்தது, தொடக்கத்திலேயே குழாய் வழியாகச் சுட்டுக் கருக்கினார்கள். அதன்பிறகு பதினாறு வருஷம் உயிரோடு இருந்தார்.

ஆடியில் போங்கள், காலை எட்டுக்குள் குளித்துவிடுங்கள், மாற்றுத்துணி இரண்டு செட் வேண்டும். சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் பார்த்திருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், முதலில் டாக்டரிடம் போங்கள். அருவி அடுத்த வருஷமும் விழும்.