ஏழாவது வாடிக்கையாளர்

கணினியின் முன் உட்காருமுன் கனகேஸ்வரி அக்கா தன் விரல்களைச் சுத்தம் செய்வார். தண்ணீரால் அல்ல. பூக்காம்பையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றும் பச்சை நாடாவில் ஒருவித மெழுகு உண்டு. காலை வகுப்பு முடிந்து வரும்போது அது விரல்நுனிகளில் படிந்திருக்கும். கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் அழுத்தித் தேய்ப்பார். மெழுகு திரண்டு கடுகளவு உருண்டையாக வரும். அதைத் திரையின் மேல்விளிம்பில் வைப்பார். அடுத்த விரல், அடுத்த உருண்டை. எல்லாம் வரிசையாக நின்ற பிறகுதான் மவுசைத் தொடுவார். போகும்போது ஒரு துண்டுத்தாளில் அவற்றை வழித்தெடுத்துக் குப்பைக்கூடையில் போடுவார்.

ஆறாம் எண் கணினி எங்கள் இருவருக்கும் பொது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது.

அது 1998. மலேசியப் பணமான வெள்ளியின் மதிப்பு விழுந்து, பிள்ளைகளைப் படிக்க அனுப்ப ஆளில்லாத வருஷம். பினாங்கு ரோட்டை ஒட்டிய கடைவரிசையின் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் கல்லூரி, காலியாகிக்கொண்டிருந்த இரண்டு படிப்புகளை ஒன்றாகக் கட்டிவிட்டது. காலையில் மலர் அலங்காரம். மதியம் கணினி விளையாட்டு உருவாக்கம். இரண்டிலும் தேறினால் ஒரே டிப்ளோமா. யாருடைய யோசனையோ தெரியாது. ஏர்கான் ஓர் அறையில்தான் இருந்தது என்பதால் பூவாளிகளும் கணினிகளும் ஒரே அறையில் இருந்தன. தண்ணீர் சிந்தினால் கணினி ஆசிரியை நோர்மா கத்துவார். நான் கணினிக்காக வந்தவன். நான் குத்திய ரோஜாக்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். அக்கா பூவுக்காக வந்தவர்.

அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்திருந்தார். அப்பா விநாசித்தம்பி சுங்க இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று மட்டும்தான் உறவினரிடம் சொல்வாராம். பூ கட்டுவதற்கு டிப்ளோமா எதற்கு, தண்ணீர்மலைக் கோயில் வாசலில் ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடாதா என்று வீட்டில் கேட்பாராம். வகுப்பில் செய்த அலங்காரத்தைக் கொண்டுபோய் ஹாலில் வைத்தால், மறுநாள் அது சமையலறையில் கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பக்கத்தில் இருக்குமாம். இதையெல்லாம் அக்கா, இன்றைக்கு மழை வரும் என்பதைப் போலத்தான் சொல்வார்.

ஒருமுறை கையேட்டுக்குள் நான் ஒளித்து வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "என்னா தம்பி, வரியெல்லாம் பாதியிலயே நின்னு போவுது? பேப்பர் ரொம்ப வேஸ்ட் லா" என்றார். பிறகு இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

மலர்த் தேர்வில் அவர் அக்டோபரிலேயே தேறிவிட்டார். அதைப் பார்க்க வந்திருந்த பத்து ஃபெரிங்கி கடற்கரையிலுள்ள ஒரு ஹோட்டலின் மேலாளர், தங்கள் பூ அறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, டிசம்பர் முதல் தேதி டிப்ளோமாவோடு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது நவம்பர் இருபதாம் தேதி நடக்கும் விளையாட்டுத் தேர்வு மட்டும். அதில் தவறினால் அடுத்தது பிப்ரவரியில். ஹோட்டல் அதுவரை காத்திருக்காது. ஆறாம் எண் கணினியில் எனக்குரிய நேரத்திலும் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

அவர் செய்த விளையாட்டு ஒரு பூக்கடை. வாடிக்கையாளர் ஒவ்வொருவராக வருவார்கள். என்ன விசேஷம் என்று திரையில் எழுத்து வரும். விளையாடுகிறவர் பதினொரு பூக்களில் சரியானதைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். சீனர் கடைத் திறப்புக்கு வெள்ளைச் செவ்வந்தி ஆகாது. முஸ்லிம் கல்லறையான கபுருக்குப் போகிறவருக்கு உதிரிப்பூவும் வாசனைப் பாண்டான் இலையும். அது நான் சொல்லிக்கொடுத்தது. சரியாகக் கொடுத்தால் ஒரு சின்ன இசையும் 'தெரிமா காசே, டாத்தாங் லாகி' என்ற வரியும் வரும்: நன்றி, மறுபடி வாருங்கள். தவறானால் வந்தவர் தலையை ஆட்டுவார். மூன்று தலையாட்டலில் கடை மூடிவிடும்.

கார்ப் பந்தயம் செய்துகொண்டிருந்த முகம்மது கனி எங்கள் பின்னால் வந்து நின்று சீண்டுவான்.

"அக்கா, உங்க கேம்ல யாரையும் சுட முடியாதா?"

"பூக்கடையில யாரைடா சுடுறது?"

"பேரம் பேசுறவன."

அக்கா திரும்பாமலே, "அப்ப மொத குண்டு உனக்குத்தான்" என்றார்.

நவம்பர் இரண்டாம் வாரம் செவ்வாயும் புதனும் அவர் வரவில்லை. வியாழக்கிழமை வந்தார். காய்ச்சல் என்றார். அன்றும் அடுத்த சில நாட்களும் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தார். கனி சீண்டியபோதும் தட்டுவதை நிறுத்தவில்லை. தேர்வுக்கு முதல்நாள் மாலை தன் டிஸ்கெட்டை என்னிடம் கொடுத்து, ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொன்னார். நாளை காலை வரமுடியாது, நேராக இரண்டு மணிக்குத்தான் வருவேன் என்றார்.

மறுநாள் காலை காப்பி எடுத்த பின் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஆறு பேரோடு முடியவேண்டிய விளையாட்டில் ஏழாவதாக ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட வயதானவர். என்ன விசேஷம் என்ற எழுத்து வரவில்லை. ரோஜா கொடுத்தேன், தலையை ஆட்டினார். ஆர்க்கிட் கொடுத்தேன், ஆட்டினார். மல்லிகைக்கும் ஆட்டினார். கடை மூடியது. மறுபடி, மறுபடி. பதினொரு பூக்களில் எதையும் அவர் வாங்கவில்லை. நிரலைத் திறந்து பார்த்தால், அவர் ஏற்கும் பூக்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது.

காய்ச்சலில் எழுதியது, விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். தேர்வில் கடை மூடினால் தோல்வி. அக்காவின் வீட்டு போன் நம்பர் அலுவலகத்தில் இருந்தது. போன் செய்து பேச எனக்குத் தயக்கம். மற்ற ஆறு பேருக்கும் எழுதியிருந்ததைப் பார்த்து, பட்டியலில் பதினொரு பூக்களையும் சேர்த்தேன். இப்போது கிழவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். இரண்டு டிஸ்கெட்டிலும் சேமித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அக்கா இரண்டு மணிக்குச் சரியாக வந்தார். அடுத்த நிமிஷமே அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சொல்ல நேரமில்லை. அல்லது நான் சொல்லவில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தானே மவுசைப் பிடித்து விளையாடினார். ஆறு பேரும் சிரித்தபடி போனார்கள். ஏழாமவர் வந்ததும் அக்கா குனிந்து, இவருக்கு எதுவும் கொடுக்காதீர்கள், பத்து விநாடி சும்மா இருங்கள், அவரே போய்விடுவார், அதுதான் சரியான ஆட்டம் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அதற்குள் தேர்வாளர் மஞ்சள் செவ்வந்தியை அழுத்திவிட்டார். கிழவர் வாங்கிக்கொண்டார். இசை வந்தது. தெரிமா காசே, டாத்தாங் லாகி.

தேர்வாளர் பேனாவை எடுத்தார். இது தப்பு என்றார் அக்கா.

நோர்மா டீச்சர் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்: "கனகா, பேசாம இரு. பாஸ் போடப் போறாரு."

"இல்ல டீச்சர். அவரு வாங்க மாட்டாரு. சாவு விழுந்த வீட்டுக்காரரு. முப்பத்தோரு நாள் துடக்கு. நம்ம ஆளுங்க அப்ப பூ வாங்க மாட்டாங்க. அவர்கிட்ட போய் திரும்ப வாங்கன்னு சொல்லக் கூடாது."

டீச்சர் அதை மொழிபெயர்த்தார். பூ வாங்காதவர் பூக்கடைக்கு ஏன் வருகிறார் என்று தேர்வாளர் கேட்டார். பின்னால் இரண்டொருவர் சிரித்தார்கள். தேர்வாளர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அப்படியானால் நீ எழுதியபடி இது இயங்கவில்லை, அப்படித்தானே என்றார். ஆமாம் என்றார் அக்கா. மாணவியே அப்படிச் சொன்னபிறகு அவர் மதிப்பெண் போட வழியில்லை. பிப்ரவரி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். நான்தான் மாற்றினேன் என்ற இரண்டு சொற்கள் போதும். ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த காலில் ஊசி குத்துவது தெரியும், வலிக்காது, அப்படி நின்றேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

படிக்கட்டில் அவருக்குப் பின்னால் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று திரும்பினார்.

"நீதான மாத்துன?"

"ஆமாக்கா. விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"பத்து செகண்ட் பொறுத்துப் பாத்திருக்கலாம் லா." குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "சரி விடு. நல்லதுக்குத்தான் செஞ்ச."

மேலே போய்ச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். அவர் தெருவில் இறங்கிப் பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்ததைப் பார்த்தேன். பிறகும் நான் மேலே போகவில்லை.

ஹோட்டல் வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டது. பிப்ரவரித் தேர்வுக்கு அக்கா வரவில்லை. நான் டிப்ளோமா வாங்கினேன். செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே சரக்குப் பிரிவில் சற்குணம் என்று ஒருவர். ஒரே மேசையில் சாப்பிட்டு ஆறு மாதமாகியும், அவர் கனகேஸ்வரி அக்காவின் தம்பி என்று எனக்குத் தெரியாது. 1999 நவம்பரில் லீவு பாரம் எழுதிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். அப்பாவுக்குத் திவசம் என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னார்: விநாசித்தம்பி.

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மறுபடியும் மைக்ரோஸ்கோப் வேலை என்றார். போன வருஷம் துடக்கு வீட்டில் ஆறேழு நாள் கிளினிக்குக்குப் போகிறேன், பேங்குக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி எங்கேயோ போய்வந்தாள், எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை என்றார்.

விநாசித்தம்பி இறந்தது 1998 நவம்பர் ஒன்பது, திங்கட்கிழமை.