காலிக் கூடை

கருத்துக்கணிப்புப் படிவத்தில் 'சொந்தத் தொழில் தொடங்க என்னால் முடியும்' என்ற வரிக்கு நேரே என் மாணவிகள் எல்லோரும் 'இல்லை' என்றே குறித்திருந்தார்கள்.

"நீங்க இன்னா மிஸ் போடுவீங்க?" என்றாள் படிவங்களைக் கொண்டுவந்தவள்.

கல்லூரி வாசலிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவியும் வாசனை வந்தது.

எட்டாவது படிக்கும்போது மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில், கரும்பு இறக்கக் காத்திருந்த வண்டிக்காரர்களிடம் நானும் அவித்த மல்லாட்டை விற்றேன். முதல் நாள் எல்லாம் விற்றுக் கூடை காலி. மறுநாள் இரண்டு கூடை சுமந்து போனேன். ஆலையைக் கழுவ அரவையை நிறுத்தியிருந்தார்கள். ஒரு வண்டிகூட இல்லை. வீட்டில் எல்லோரும் அதையே தின்றோம். கரும்பு வெட்டிவிட்டு வந்த அப்பா திட்டவில்லை.

"வுடும்மா. நமக்கெல்லாம் யாவாரம் ஆவாது."

அதை நம்பித்தான் இத்தனை வருடம் சம்பளத்துக்கு உழைத்துச் சலித்திருக்கிறேன். முதல் நாளின் காலிக் கூடை அன்று வீட்டில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும்தான்.